ஆடிகள் நேராக நிற்கின்றனவா?

வானத்தைப் படம் பிடிக்கும் ஆசையில் தொலைநோக்கி வாங்கியவர்களில் பலர், முதல் படத்தைக் கண்டதும் திகைத்துப் போகிறார்கள். விண்மீன்கள் புள்ளிகளாக இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் முளைத்திருக்கும். குளத்தில் நீந்தும் தலைப்பிரட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நிற்பது போலத் தோன்றும்.

என் முதல் படமும் இப்படித்தான் இருந்தது. ஓரியன் நெபுலாவின் நடுவில் நான்கு விண்மீன்கள் ஒரு சிறு சரிவகம் போல நெருங்கி நிற்கின்றன. என் படத்தில் அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே கறையாகக் கிடந்தன. ஆடியே மட்டமானது என்று முடிவு கட்டி, அதைத் திருப்பி அனுப்புவதற்காகத் துணி சுற்றி வைத்துவிட்டேன். நல்ல வேளையாக அனுபவமுள்ள நண்பர் ஒருவர் வந்தார். ஆடியை மீண்டும் பொருத்தச் சொல்லி, குழாயின் பின்புறம் இருந்த திருகுகளில் ஒன்றை ஏறக்குறைய ஒரு சுற்றுத் திருப்பினார். அன்றிரவே நான்கு விண்மீன்களும் தனித்தனியாகத் தெரிந்தன. ஆடி அதேதான், அது பார்த்த திசைதான் மாறியது.

ஒரு திருகின் ஒரு சுற்றுக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? அதைப் புரிந்துகொள்ள, தொலைநோக்கியின் அமைப்பைச் சற்றே நினைவுபடுத்திக் கொள்வோம்.

நியூட்டன் 1668-இல் தம் கையாலேயே ஒரு சிறு தொலைநோக்கியைச் செய்தார். லென்சு, வண்ணங்களைத் தனித்தனியே பிரித்துக் குவிப்பதால் பிம்பத்தின் ஓரங்களில் நிறம் படிகிறது. ஆடியில் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே குழாயின் அடியில் ஒரு குழியாடியை வைத்தார். அது குவிக்கும் ஒளியை, குழாயின் வாயருகே 45 பாகை சாய்வில் நிற்கும் ஒரு சிறிய சமதள ஆடி பக்கவாட்டில் திருப்பி வெளியே அனுப்பும். இன்றும் அமைப்பு இதுதான். அடியில் இருப்பதை முதன்மை ஆடி என்றும், வாயருகே இருப்பதைத் துணை ஆடி என்றும் சொல்வோம். ஒளி வெளிவரும் இடத்தில் முன்னும் பின்னும் நகரும் ஒரு சிறு குழல் இருக்கிறது; அது குவிப்பான். கண்ணருகு லென்சையோ கேமராவையோ அதில்தான் பொருத்துகிறோம்.

முதன்மை ஆடியின் பரப்பு பரவளைவு வடிவமுடையது. பரவளைவுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள் அனைத்தையும் பிசகில்லாமல் ஒரே புள்ளியில் சேர்க்கும். ஆனால் அச்சுக்குச் சாய்ந்து வரும் கதிர்களிடம் அது இந்தப் பெருந்தன்மையைக் காட்டுவதில்லை. அவை குவியும் இடத்தில் ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை விசிறி போலப் பரந்தும் ஒரு பிம்பம் விழுகிறது. இந்தக் குறைக்குக் கோமா என்று பெயர். மருத்துவமனையில் சொல்லும் கோமா வேறு. இது கிரேக்க மொழியில் தலைமுடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வால்மீனுக்கு ஐரோப்பியர் வைத்த பெயரும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான்.

அச்சிலிருந்து விலக விலகக் கோமா நேர்விகிதத்தில் வளர்கிறது. அப்படியானால் குறையற்ற பகுதி எவ்வளவு பெரியது? அது ஆடியின் குவிதொலைவை அதன் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைப் பொறுத்தது. கேமராக்காரர்கள் இதை எஃப் எண் என்பார்கள். எஃப் 8 ஆடியில் குறையற்ற வட்டத்தின் விட்டம் குவிதளத்தில் சுமார் 11 மி.மீ. எஃப் 5 ஆடியில் அது சுமார் 2.8 மி.மீ. எஃப் 4 ஆடியிலோ வெறும் 1.4 மி.மீ. எஃப் எண்ணின் முப்படிக்கு ஏற்ப இந்த வட்டம் சுருங்குகிறது. படம் பிடிப்பவர்கள் விரைவில் ஒளி சேர வேண்டும் என்று எஃப் 4, எஃப் 5 ஆடிகளைத்தான் விரும்பி வாங்குகிறார்கள். சிக்கலையும் அதனோடு சேர்த்தே வாங்குகிறார்கள் என்று சொல்லலாம்.

இப்போது திருகுக்கு வருவோம். 150 மி.மீ. விட்டமும் 750 மி.மீ. குவிதொலைவும் உள்ள ஆடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இது எஃப் 5. அதைத் தாங்கும் மூன்று திருகுகளில் ஒன்றை ஒரு சுற்றுத் திருப்பினால் அது 0.8 மி.மீ. முன்னேறுவதாகக் கொள்வோம். மற்ற இரு திருகுகளையும் இணைக்கும் கோட்டிலிருந்து இந்தத் திருகு 100 மி.மீ. தொலைவில் இருக்கட்டும். ஆடி சாயும் கோணம் 0.8/100, அதாவது 0.008 ரேடியன், அரைப் பாகைக்கும் குறைவு. அதை 750-ஆல் பெருக்குங்கள். ஆடியின் அச்சு குவிதளத்தில் 6 மி.மீ. நகர்ந்துவிட்டது! கால் சுற்று என்றாலே 1.5 மி.மீ. குறையற்ற வட்டத்தின் ஆரமோ 1.4 மி.மீ. தான். கால் சுற்றுப் பிசகினால் போதும், ஆடியின் மிகச் சிறந்த பகுதி படத்தின் நடுவை விட்டு வெளியேறிவிடுகிறது. என் ஆடி ஒரு முழுச் சுற்றுப் பிசகியிருந்தது.

இரண்டு ஆடிகளையும் குவிப்பானையும் ஒரே ஒளிப்பாதையில் சரியாக நிறுத்துவதை நேர்ப்படுத்துதல் என்போம். ஆங்கிலத்தில் இதற்குக் காலிமேஷன் என்று பெயர். இந்தச் சொல்லுக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. ‘நேர்கோட்டில் வைத்தல்’ என்று பொருள்படும் கொல்லினியாரே என்ற லத்தீன் சொல், சிசரோவின் நூலின் சில பழைய பதிப்புகளில் தவறாகக் கொல்லிமாரே என்று வந்துவிட்டது. அந்தப் பிழையே நிலைத்துவிட்டது. நேராக்குவதைக் குறிக்கும் சொல்லே கோணலாகப் பிறந்திருக்கிறது!

பெரிய வானாய்வகங்களும் இந்தத் தொல்லைக்கு விலக்கல்ல. 1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள் மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆந்திரமேடாவைப் படம் பிடித்தார். அந்தத் தகட்டில் அகப்பட்ட ஒரு மாறொளி விண்மீன்தான், ஆந்திரமேடா நம் பால்வழிக்கு அப்பாலுள்ள தனி விண்மீன் மண்டலம் என்று மெய்ப்பிக்க வழி செய்தது. அந்த 100 அங்குல ஆடியும் ஏறக்குறைய எஃப் 5 தான். ஹப்பிள் பயன்படுத்தியதும் நியூட்டன் முறைக் குவியம்தான். பின்னர் பாலோமரில் 200 அங்குலத் தொலைநோக்கியைத் திட்டமிட்டபோது வேறொரு கேள்வி எழுந்தது. அவ்வளவு கனமான குழாய் சாயும்போது வளையாமல் இருக்குமா? வளைந்தால் ஆடிகளின் நேர் குலையுமே! மார்க் செரூரியர் என்ற பொறியாளர் 1935-இல் அளித்த விடை அழகானது. வளைவைத் தடுக்க அவர் முயலவில்லை. குழாயின் இரு முனைகளும் ஒரே அளவு தாழ்ந்து, அப்போதும் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கும்படி முக்கோணச் சட்டங்களால் குழாயை அமைத்தார். 1948-இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்தத் தொலைநோக்கி இன்றும் அந்தச் சட்டங்களின் மேல்தான் நிற்கிறது.

நம் வீட்டு மாடிக்கு அவ்வளவு தேவையில்லை. பொறுமையும் ஒரு பிலிம் டப்பாவும் போதும். பழைய 35 மி.மீ. பிலிம் சுருள் வரும் டப்பா, ஒன்றேகால் அங்குலக் குவிப்பானில் ஏறக்குறையச் சரியாகப் பொருந்தும். அடிப்பாகத்தை வெட்டிவிட்டு, மூடியின் நடுவில் 2 மி.மீ. துளையிடுங்கள். கண்ணை எப்போதும் நடுவில் நிறுத்தும் கருவி தயார். முதன்மை ஆடியின் சரியான நடுவில் ஒரு சிறு காகித வளையமும் ஒட்டியிருக்க வேண்டும். கோப்புத் தாள்களின் துளைகளுக்கு ஒட்டும் வளையமே போதும். நடுப்பகுதி துணை ஆடியின் நிழலில் இருப்பதால் பிம்பம் கெடாது.

வேலையைத் தொடங்குமுன் குழாயைக் கிடைமட்டமாகப் படுக்க வையுங்கள். துணை ஆடியைத் திருகும்போது கையிலிருந்து நழுவும் சாவி முதன்மை ஆடியின் மேல் விழாமலிருக்க இதுவே வழி.

துளை வழியே பாருங்கள். துணை ஆடி நீள்வட்டமாகச் செய்யப்பட்டது. 45 பாகையில் நிற்கும்போது வட்டமாகத் தெரிய வேண்டும், குவிப்பானின் நடுவிலும் இருக்க வேண்டும். பிரதிபலிப்புகள் கண்ணைக் குழப்பும். துணை ஆடிக்கும் முதன்மை ஆடிக்கும் இடையே ஒரு வண்ணத் தாளைச் செருகி, குவிப்பானுக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் ஆடியின் விளிம்பு தெளிவாகத் தெரியும். அடுத்து, துணை ஆடியின் சிறு திருகுகளைச் சரிசெய்து, முதன்மை ஆடி முழுவதும், அதைப் பிடித்திருக்கும் கொக்கிகள் உட்பட, தெரியும்படி செய்யுங்கள். காகித வளையம் பார்வையின் நடுவில் வர வேண்டும். கடைசியாகத்தான் முதன்மை ஆடியின் திருகுகள். மூடியின் உட்புறத்தில் ஒரு வெள்ளை வட்டத்தை ஒட்டி, நடுத்துளையை விட்டுவிட்டால், அந்த வட்டத்தின் பிம்பம் ஆடிகளில் தெரியும். அதன் நடுவிலுள்ள கரும்புள்ளி காகித வளையத்துக்குள் வந்து அமரும்வரை திருகுங்கள். முதன்மை ஆடியைக் கடைசிக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. துணை ஆடியை அசைத்தால் முதன்மை ஆடிக்குச் செய்த சரிசெய்தலும் வீணாகிவிடும்.

இங்கே பலர் ஒரு பொறியில் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லாம் சரியான பிறகும், துணை ஆடியின் கரிய உருவம் முதன்மை ஆடியின் நடுவிலிருந்து சற்று விலகியே தெரியும். இதைப் பிழை என்று எண்ணித் ‘திருத்த’ முனைந்தால், அதுவரை செய்த வேலை கெட்டுவிடும். குவிந்துவரும் ஒளிக்கூம்பைச் சாய்ந்த ஆடி வெட்டுவதால், ஆடியின் ஒரு பாதி மறு பாதியைவிட அகலமான இடத்தில் ஒளியைச் சந்திக்கிறது. ஆகவே விலகல் இருந்தே தீர வேண்டும். துணை ஆடியின் சிற்றச்சை எஃப் எண்ணின் நான்கு மடங்கால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும். 50 மி.மீ. துணை ஆடிக்கு எஃப் 5-இல் அது 2.5 மி.மீ.

லேசர் கருவி வைத்திருப்பவர்கள் முதலில் அந்தக் கருவியையே சந்தேகிக்க வேண்டும். குவிப்பானில் வைத்து மெல்லச் சுழற்றுங்கள். முதன்மை ஆடியில் விழும் புள்ளி அசையாமல் நின்றால் நல்லது. வட்டம் போட்டால் லேசரே கோணல்.

இத்தனையும் பகலில் செய்யும் வேலை. இறுதித் தீர்ப்பை விண்மீன்தான் சொல்லும். ஆடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வந்தபின், பிரகாசமான ஒரு விண்மீனைப் படத்தின் நடுவில் நிறுத்திக் குவியத்தைச் சற்று விலக்குங்கள். ஒளி வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். அவை ஒரே மையத்தில் அமையாமல் ஒரு பக்கம் நெருங்கியிருந்தால், முதன்மை ஆடியை இம்மியளவு திருகுங்கள். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் விண்மீன் நகர்ந்துவிடும். அதை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே வளையங்களைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் வைத்துப் பார்த்தால் கோமா இருக்கத்தான் செய்யும். திருகுகளை இறுக்கி முறுக்கவும் கூடாது. ஆடி நெருக்குண்டால் விண்மீன்கள் முக்கோணமாகிவிடும்.

மேனாட்டு நூல்கள் இந்தச் சோதனைக்குத் துருவ விண்மீனைப் பரிந்துரைக்கின்றன; அது நகர்வதில்லை என்பதால். நமக்கு அது ஒத்துவராது. சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. கன்னியாகுமரியில் 8 பாகைதான். அந்தத் தாழ்வில் அடர்ந்த காற்றின் வழியே வளையங்கள் கொதிநீரில் கிடப்பது போலத் துடிக்கும். உச்சிக்கருகில் உள்ள ஒரு விண்மீனைத் தேர்ந்தெடுத்து, தாங்கியின் மோட்டார் அதைப் பின்தொடரும்படி விட்டுவிடுங்கள்.

கண்ணால் மட்டும் பார்ப்பவர்களுக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை. கண் பார்வையின் நடுவை மட்டுமே கூர்ந்து நோக்குகிறது. ஓரத்தில் உள்ள குறையை மன்னித்துவிடுகிறது. கேமரா மன்னிப்பதில்லை. அதன் உணர்சில்லு பெரும்பாலும் 22 மி.மீ. அகலமும் 15 மி.மீ. உயரமும் உடையது. 2.8 மி.மீ. வட்டம் அதில் எம்மாத்திரம்? அதனால்தான் கோமா திருத்தி என்னும் லென்சுத் தொகுதியைப் பயன்படுத்துகிறோம். 1930-களில் ஃபிராங்க் ராஸ் பெரிய ஆடிகளுக்காக இத்தகைய லென்சுகளை வடிவமைத்தார். ஆனால் திருத்திக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஆடியின் அச்சு அதன் நடுவே செல்ல வேண்டும். நேர்ப்படாத ஆடிக்கு முன் திருத்தியை வைத்தால், ஒரு மூலை தெளிவாகவும் எதிர் மூலை வாலோடும் வரும்.

மூலைகளைப் பார்த்தே பிழையின் இடத்தைச் சொல்லிவிடலாம். திருத்தி இல்லாமல் எடுத்த படத்தில் எல்லா வால்களும் ஓர் இடத்திலிருந்து வெளிநோக்கிப் பரந்திருக்கும். அந்த இடம் படத்தின் நடுவில் இல்லையென்றால் முதன்மை ஆடியைக் கவனியுங்கள். ஒரு பக்கம் தெளிவும் மறுபக்கம் மங்கலுமாக இருந்து, குவியத்தை மாற்றும்போது தெளிவு பக்கம் மாறினால், கோளாறு துணை ஆடியின் சாய்விலோ கேமராவின் பிடிப்பிலோ இருக்கிறது. எஃப் 5-இல் குவியம் பொறுத்துக்கொள்ளும் பிசகு முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 3 சதவீதம்தான். தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. கனமான கேமரா குவிப்பானைக் கீழே இழுத்தாலே அது போய்விடும். ஆகவே கிடைமட்டத்தில் பார்த்த ஆடிகளை, குழாயை வானை நோக்கி நிமிர்த்திக் கேமராவின் கனத்தோடு இன்னொரு முறை பாருங்கள். நள்ளிரவுக்கு மேல் குழாயை மேற்குப் பக்கம் சாய்த்த பிறகும் ஒரு முறை.