‘ரை’ என்றால் கம்பா? பாக்கெட் வாங்கும் முன் இதைப் படிங்க!

சூப்பர் மார்க்கெட்டில் ‘ரை பிரெட்’ பார்த்துவிட்டு, ரை என்றால் தமிழில் என்ன என்று போனில் தேடினால், சில இடங்களில் ‘கம்பு’ என்று வரும். “அட, நம்ம கம்புதானா!” என்று உடனே கூடையில் போட்டுவிடாதீங்க. இரண்டும் வேறு வேறு தானியம். சிலருக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

ரை என்பது என்ன?

கோதுமை, பார்லிக்கு நெருங்கிய சொந்தம். துருக்கியை ஒட்டிய பகுதிகளில் கோதுமை வயலில் களையாக முளைத்து, பிறகு பயிராகவே மாறிய தானியம் இது. ஜெர்மனி, போலந்து, ரஷ்யாவில் அதிகம் விளைகிறது. கறுத்த, லேசாகப் புளிக்கும் ரொட்டி, விஸ்கி, மாட்டுத் தீவனம் என்று பல உபயோகம். அமெரிக்காவில் ‘ரை விஸ்கி’ என்று விற்க, அதன் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் ரை இருக்க வேண்டும்.

செஞ்சியில் விளையுமா?

கஷ்டம். பெரும்பாலான ரை வகைகள் கதிர் விட, பல வாரம் கடுங்குளிர் வேண்டும். மார்கழியில்கூட செஞ்சியில் அந்தக் குளிர் கிடையாது. இந்த வெயிலுக்கும் மானாவாரி நிலத்துக்கும் பொருத்தமானது கம்புதான். மூன்று மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும்.

தானியத்தின் அருமை செஞ்சிக்குப் புதிதல்ல. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையைப் பிடிக்கப் போராடியது. அத்தனை வருஷம் தாக்குப்பிடிக்க மதில் மட்டும் போதாது, சாப்பாடும் வேண்டும். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்தக் கோட்டைக்குப் போனால், ராஜகிரி அடிவாரத்தில் பெரிய களஞ்சியத்தை இன்றும் பார்க்கலாம்.

அப்போ ஏன் இந்தக் குழப்பம்?

வளம் குறைந்த மண்ணிலும் விளைந்து, ஏழைகளின் வயிற்றை நிரப்பியது ரை. நம்ம ஊரில் அதே வேலையைச் செய்தது கம்பு. வாழ்க்கையில் இரண்டுக்கும் ஒரே இடம். ஆனால், வயிற்றுக்குள் போனால் ஒன்றல்ல.

யார் கவனிக்கணும்?

ரையில் குளூட்டன் உண்டு, கம்பில் இல்லை. ‘சீலியாக்’ நோய் இருப்பவர்களுக்குக் குளூட்டன் சிறுகுடலின் உட்சுவரையே பாதிக்கும். அவர்கள் கம்பங்கூழ் குடிக்கலாம், ரை பிரெட் கூடவே கூடாது. கம்பிலும் ஒரு எச்சரிக்கை: கோதுமை அரைத்த அதே மில்லில் கம்பை அரைத்தால், குளூட்டன் கலந்துவிடும். ‘கம்பு பிஸ்கட்’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே மைதா இருக்கலாம்.

இன்னொன்று, வடஇந்திய சமையல் குறிப்பில் ‘ராய்’ என்று வந்தால் அது ரையும் அல்ல, கம்பும் அல்ல. நம்ம கடுகு!

முன்பக்கத்துப் பெயரை நம்பாதீங்க. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. கோதுமை, ரை, பார்லி போன்ற குளூட்டன் தானியங்கள் இருந்தால், அதை ஒவ்வாமை எச்சரிக்கையாக அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி.