ஊர்ப்பாட்டும் எல்லைக்கோடும்

எல்லையோரப் பனச்சமூட்டுச் சந்தையில் மரச்சீனிக்கு விலை கேட்பவர் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பதும், விற்பவர் அதற்கு நேர்மாறாக விடை பகர்வதும் அவ்வூரில் எவருக்கும் விசித்திரமாகத் தோன்றுவதில்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றபொழுது, ராஜாங்கம் கிழித்த கோடு நிலத்தின்மேல் விழுந்ததேயன்றிப் பாட்டின்மேல் விழவில்லை. அம்மன் கோயில் கொடையில் வீசுகோல் வில்லைத் தட்ட, குடமும் உடுக்கையும் துணைசேர, கணியாகுளத்துப் போரில் மாண்ட இரவிக்குட்டிப்பிள்ளையின் கதை எழும்பொழுது, அது தமிழா மலையாளமா என்று பண்டிதர்கள் வழக்காடட்டும். பாயில் சுருண்டு பாதித் தூக்கத்தில் கேட்கும் குழந்தைக்கு அது ஊர்ப்பாட்டு, அவ்வளவே.

அக்குழந்தை வளர்ந்து வளைகுடா நாடொன்றில் பிழைக்கப் போய், ஒரு வெள்ளிக்கிழமை மாலை தேநீர்க் கடையில் யேசுதாஸின் மலையாளப் பாட்டைக் கேட்டு நெஞ்சம் நெகிழ்கிறது. அடுத்து ஒலிக்கும் எம்.எஸ். விசுவநாதனின் தமிழ்ப் பாட்டுக்கும் அதே நெகிழ்ச்சிதான். பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்து தமிழ்த் திரைக்கு வாழ்வளித்தவர் விசுவநாதன் என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியப்படவும் ஒன்றுமில்லை.

இந்த நெகிழ்ச்சியை ஒரு காலத்தில் வியாதி என்றே கருதினார்கள். 1688இல் பாசல் நகரத்து ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர், ஊர் ஏக்கத்துக்கு ஒரு நோயின் பெயரே சூட்டினார். அந்நிய அரசர்களிடம் கூலிப்படையாகச் சேவித்த சுவிஸ் வீரர்கள், தம் மலைநாட்டு மாட்டிடையர் மெட்டைக் கேட்டால் அழுது படையை விட்டு ஓடிவிடுகிறார்கள் என்பதால், அதை இசைப்பது மரணதண்டனைக்குரிய குற்றமாயிருந்தது என்று 1768இல் வெளியான தம் சங்கீத அகராதியில் எழுதிய ரூஸோ, இன்னொன்றும் சொன்னார்: அம்மெட்டில் தனிச் சக்தி ஏதுமில்லை, பிற நாட்டாருக்கு அது வெறும் ஒலியே, ஞாபகத்தைத் தூண்டும் அடையாளமாயிருப்பதே அதன் வலிமை. நம் காலத்தில், 2009இல், கலிபோர்னியாவின் பீட்டர் ஜனாட்டா, பழகிய பாட்டு பழைய நினைவை எழுப்புகையில் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி விழித்தெழுவதைப் படம்பிடித்துக் காட்டினார்.

மூத்த தலைமுறைக்கோ ஊர்ப்பாட்டே அந்நிய தேசத்திலிருந்துதான் வந்தது. 1952ஐ ஒட்டி நம் அரசாங்க வானொலி சினிமாப் பாடல்களை ஒதுக்கியபொழுது ஜனங்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்பு நிலையத்தை அடைந்தார்கள். 1957இல் விவித் பாரதி தோன்றியும் அப்பழக்கம் முற்றும் விடவில்லை. கடல் கடந்து வந்த பாட்டைத் திண்ணையில் கேட்டவரின் மகன், இன்று கடல் கடந்து போய் அதையே கேட்கிறான்.

அவனிடம் கொடைப்பாட்டு ஒன்று கைப்பேசியில் இருக்கும், வீட்டார் பதிந்தனுப்பியது. அதே கதையைத் தெளிவாகப் பதிந்த ஒலித்தட்டும் கிடைக்கிறதே என்றால் அவனுக்கு அது வேண்டாம். வில்லின் மணியோசைக்கு நடுவே ஜெனரேட்டர் இரைவதும், நன்கொடையாளர் பெயர்களை மைக்கில் ஒருவர் தவறாக வாசிப்பதும், தன் தாய் யாரையோ நகர்ந்து உட்காரச் சொல்வதும் கைப்பேசிப் பதிவில்தான் இருக்கின்றன.