'20 வருஷ சர்வீஸுக்கு அப்புறம் புது வார்டா?' - நடுவயதில் துறை மாறும் நர்ஸ்களுக்கு ஏன் பயம் வருகிறது? எப்படிக் கடப்பது?

20 வருஷமாக பெரியவர்கள் வார்டில் வேலை பார்த்த ஒரு சீனியர் சிஸ்டர். ஒரு நோயாளிக்கு நரம்பு கிடைக்கலைன்னா எல்லோரும் கூப்பிடுவது அவரைத்தான். அதே சிஸ்டர் பச்சிளம் குழந்தைகள் ஐ.சி.யு.வுக்கு மாறிய முதல் நாள், மானிட்டரில் இதயத்துடிப்பு 140 என்று காட்டுகிறது. அவருக்குக் கை நடுங்குகிறது. பக்கத்தில் நிற்கும் 24 வயது ஜூனியர் சொல்கிறார்: "அக்கா, பயப்படாதீங்க. குழந்தைக்கு இது நார்மல்தான்."

எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்கக்கூடிய காட்சி இது. அந்த ஒரு நொடியில் சீனியரின் மனசுக்குள் ஓடுவது, "இத்தனை வருஷம் வேலை பார்த்து என்ன பிரயோஜனம்?" என்ற கேள்விதான். இந்தப் பயத்தாலேயே வார்டு மாறும் எண்ணத்தைக் கைவிடுபவர்கள் உண்டு. இந்தப் பயம் ஏன் வருகிறது, அதை எப்படிக் கையாள்வது என்று பார்க்கலாம்.

ஏன் மாற நினைக்கிறார்கள்?

40 வயதைத் தாண்டியதும் பல காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. நோயாளிகளைத் தூக்கி, புரட்டிப் படுக்க வைத்ததில் வந்த முதுகுவலி, உடம்பு தாங்காத நைட் டூட்டி, வீட்டில் வயதான பெற்றோர் என்று வரிசையாக வரும். சிலருக்கு ஒரே வேலையைச் செய்து சலிப்பு வந்திருக்கும். சிலரை நிர்வாகமே மாற்றிவிடும்.

ஐ.சி.யு.வில் இருந்து டயாலிசிஸுக்கு, லேபர் வார்டில் இருந்து மனநலப் பிரிவுக்கு, கேஷுவாலிட்டியில் இருந்து வலி நிவாரண சிகிச்சைக்கு என மாற்றம் எப்படி இருந்தாலும், பயம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது

அமெரிக்காவைச் சேர்ந்த நர்ஸிங் அறிஞர் பாட்ரிசியா பென்னர், 1984-ல் வெளியிட்ட 'ஃப்ரம் நோவிஸ் டு எக்ஸ்பர்ட்' என்ற நூலில் இதற்கு விளக்கம் தருகிறார். ஒரு நர்ஸின் வளர்ச்சியை அவர் 5 படிகளாகப் பிரிக்கிறார். கற்றுக்குட்டி, ஓரளவு தேறியவர், திறமையானவர், தேர்ச்சி பெற்றவர், வல்லுநர்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்தப் படிகள் வயதையோ சர்வீஸையோ வைத்து வருபவை அல்ல. எந்த வகை நோயாளிகளைப் பார்த்துப் பழகியிருக்கிறோமோ, அந்த இடத்துக்கு மட்டுமே அவை பொருந்தும். ஒரு வார்டில் ஐந்தாவது படியில் நிற்பவர், பழக்கமே இல்லாத இன்னொரு வார்டில் முதல் படியில் நிற்க நேரலாம்.

அதாவது, புது வார்டில் தடுமாறுவது திறமைக் குறைவு அல்ல. "எனக்கு வயசாயிடுச்சு, மண்டையில ஏறல" என்று நினைக்க வேண்டியதில்லை. 24 வயதில் அந்த வார்டுக்கு வந்திருந்தாலும் முதல் படியில்தான் நின்றிருப்பார்.

மூன்றாவது படியான 'திறமையானவர்' நிலைக்கு வரவே ஒரே மாதிரியான சூழலில் 2 முதல் 3 ஆண்டுகள் ஆகும் என்கிறார் பென்னர். அப்படியிருக்க, இரண்டே மாதத்தில் பழைய வேகம் வரவில்லையே என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

பழைய பழக்கமே காலை வாரும் இடம்

அதற்காக அனுபவம் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. சில இடங்களில் அதுவே தவறான பக்கம் இழுக்கும். பச்சிளம் குழந்தைகள் பிரிவையே எடுத்துக்கொள்வோம்.

* இதயத்துடிப்பு: பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100. பிறந்த குழந்தைக்கு 120 முதல் 160. பெரியவர்கள் வார்டில் நிம்மதி தரும் '80', இங்கே உடனே ஓடிப்போய்ப் பார்க்க வேண்டிய எண்.

* ஆக்சிஜன்: அளவு குறைந்தால் உடனே கூட்டி வைப்பது பழைய வார்டின் பழக்கம். குறைமாதக் குழந்தைக்குத் தேவைக்கு மேல் ஆக்சிஜன் போனால் விழித்திரை பாதிக்கப்படலாம். அதனால் மேல் வரம்பும் வைத்தே கண்காணிப்பார்கள்.

* ரத்தம்: 1 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 100 மில்லி, ஒரு சின்ன டீ டம்ளர் அளவு. டெஸ்ட்டுக்கு எடுக்கும் ஒவ்வொரு துளிக்கும் கணக்கு உண்டு.

* மருந்து: டோஸ் குழந்தையின் எடையை வைத்துக் கணக்கிடப்படும். ஒரு புள்ளி இடம் மாறினால் டோஸ் 10 மடங்காகிவிடும்.

எனவே இங்கே வரும் பயம் தேவையில்லாத பயம் அல்ல. "கவனமா இரு" என்று அது எச்சரிக்கிறது. ஆபத்து பயத்தில் இல்லை, அதை மறைப்பதில்தான் இருக்கிறது. "சீனியர் ஆச்சே, இதைப் போய்க் கேட்டா என்ன நினைப்பாங்க?" என்று கேட்காமல் விட்ட ஒரு சந்தேகம், நோயாளியைப் பாதிக்கலாம்.

கூடவே வருவது என்ன?

எந்த வார்டுக்குப் போனாலும் சில விஷயங்கள் கூடவே வரும். சுத்தமாகக் கை கழுவுவது, தொற்று வராமல் ஊசி, டிரெஸ்ஸிங் செய்வது, ஷிஃப்ட் மாறும்போது விவரம் விடாமல் ஒப்படைப்பது, பதறி நிற்கும் உறவினரிடம் பேசுவது, எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்ற தெளிவு ஆகியவற்றைப் புதிதாகப் படித்துவிட்டு வருபவர் கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆகும்.

புது வார்டில் மாறுவது பெரும்பாலும் எண்கள், மருந்துகள், மெஷின்கள். இவற்றைப் படித்துப் பழகிக்கொள்ளலாம்.

புதிதாகப் பதிவு செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. இந்தியாவில் நர்ஸ்களுக்கான பதிவு வார்டு வாரியாக வழங்கப்படுவதில்லை. மாநில நர்ஸிங் கவுன்சிலில் ஏற்கெனவே செய்த பதிவே போதும்.

முறையாகப் படிக்க விரும்புபவர்களுக்கு, தீவிர சிகிச்சை, புற்றுநோய், பச்சிளம் குழந்தைகள் நலம், மனநலம், ஆபரேஷன் தியேட்டர் போன்ற துறைகளில் இந்திய நர்ஸிங் கவுன்சில் அங்கீகரித்த ஓராண்டு டிப்ளமோ படிப்புகள் இருக்கின்றன. எல்லா வார்டுக்கும் இது கட்டாயம் இல்லை. ஆனால், மாறப்போகும் ஆஸ்பத்திரி என்ன எதிர்பார்க்கிறது என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

மாறுவதற்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. பயிற்சிக் காலம் எத்தனை வாரம்? அந்தக் காலத்தில் தனியாக நோயாளிகளை ஒப்படைப்பார்களா?

2. கூடவே நின்று சொல்லிக்கொடுக்க ஒரு குறிப்பிட்ட சிஸ்டர் இருப்பாரா?

3. தனியாக நைட் டூட்டி எப்போதிலிருந்து?

4. சம்பளம், பதவி, சீனியாரிட்டியில் மாற்றம் வருமா? தனியார் ஆஸ்பத்திரி என்றால் எழுத்தில் வாங்குவது பாதுகாப்பு.

5. சரிப்பட்டு வரவில்லை என்றால் பழைய வார்டுக்குத் திரும்ப வழி உண்டா?

வாய்ப்பு கிடைத்தால், மாறுவதற்கு முன்பே நர்ஸிங் சூப்பிரண்டிடம் அனுமதி வாங்கி இரண்டு மூன்று நாள் அந்த வார்டில் நின்று பார்க்கலாம். தெரியாத இடத்தைப் பற்றி மனசில் கட்டிய பயத்தில் பாதி, நேரில் பார்த்ததும் போய்விடும்.

முதல் 3 மாதங்கள்: என்ன செய்யலாம்?

பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். அந்த வார்டில் அதிகம் பயன்படுத்தும் 10 மருந்துகள், அடிக்கடி வரும் 5 அவசர நிலைகள், தினமும் தொடும் மெஷின்களின் அலாரம் என இவற்றை முதலில் எழுதிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் படிக்க முயன்றால் எதுவும் நிற்காது.

டோஸ் கணக்கை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்ப்பதில் வெட்கம் வேண்டாம். டாக்டர் போனில் சொல்லும் ஆர்டரை எழுதி, திரும்பப் படித்துக் காட்டி உறுதி செய்வது எந்த சர்வீஸுக்கும் பொருந்தும் நடைமுறை.

வயதில் சின்னவரிடம் கற்றுக்கொள்வதுதான் பலருக்கும் கஷ்டமாக இருக்கும். முதல் நாளே, "இந்த வார்டு எனக்குப் புதுசும்மா. தப்பு பண்ணா தயங்காம சொல்லு" என்று சொல்லிவிட்டால் இருவருக்கும் சங்கடம் குறையும். அக்காவைத் திருத்தலாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும் ஜூனியருக்கும் அது ஒரு அனுமதி.

நர்ஸாகத் தொடங்கி, 49 வயதில்...

இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். முதுகுவலி காரணமாக அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவ சமூக சேவைக்கு மாறினார். பிறகு மருத்துவம் படித்து, 38 வயதில் டாக்டர் ஆனார். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கியபோது அவருக்கு வயது 49. இன்று உலகம் முழுக்க இருக்கும் வலி நிவாரண சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் முதன்மையானவர்.

அந்தத் துறை இன்று தமிழ்நாட்டு நர்ஸ்களுக்கும் ஒரு வழியாக இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே நர்ஸ்கள் போய் வலி நிவாரணப் பராமரிப்பு கொடுக்கிறார்கள்.

பயம் குறையவே இல்லை என்றால்?

மாதங்கள் கடந்தும் தூக்கம் வராமல், டூட்டிக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடத்து, அழுகை வந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. பயிற்சிக் காலத்தை நீட்டிக்கும்படி இன்சார்ஜ் சிஸ்டரிடமோ சூப்பிரண்டிடமோ கேட்கலாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். பழைய வார்டுக்கே திரும்ப முடிவெடுத்தாலும் அது தோல்வி இல்லை.

ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. "சீனியர்தானே, சமாளிச்சுக்குவாங்க" என்று முதல் நாளே முழு வார்டையும் ஒப்படைத்தால், சிரமப்படப்போவது அந்த சிஸ்டர் மட்டுமல்ல, அவரை நம்பிப் படுத்திருக்கும் நோயாளியும்தான்.