வேலையோடு வரும் வீடு

பிற நாட்டிற்குப் பிழைக்கச் செல்வோர் முதலிற் கேட்பது, கூலி எவ்வளவு என்பது. அடுத்துக் கேட்கவேண்டியது, இரவில் தலைசாய்க்கும் வீடு எந்த உரிமையின் பேரில் கிடைக்கிறது என்பது. முதற்கேள்வியை மறப்போர் இலர். இரண்டாவதைக் கேட்போர் மிகச் சிலரே. கேளாமையால் விளைவது யாதெனக் கோலார் தங்கவயலை முன்வைத்து ஆராய்வோம்.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாரில் சுரங்கத் தொழிலை மேற்கொண்டபின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் ஆயிரக்கணக்கில் அங்குச் சென்றனர். அவர்களுள் தமிழரே மிகுதி. வழித்தொலைவு அதிகமில்லை. ஆயினும், அவர்கள் விட்டுச் சென்ற ஊர்கள் ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தில் இருந்தன. கோலாரோ மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. அரசு வேறு, சட்டம் வேறு, ஊர்மொழியும் வேறு. அவ்வகையில் அது அவர்களுக்கு அயல்நாடே.

நிலம் சமஸ்தானத்தினுடையது. கம்பெனியார் அதனைக் குத்தகைக்குப் பெற்று, எடுத்த தங்கத்திற்கு ராயல்டி செலுத்தி வந்தனர். ஆகவே, கம்பெனியே ஒரு குடித்தனக்காரர். தொழிலாளர் அக்குடித்தனக்காரரின் நிழலில் ஒதுங்கியவர். தொடக்கத்தில் மூங்கில் தட்டிகளால் அமைந்த சிறு வீடுகளே வரிசை வரிசையாக எழுந்தன. அவ்வரிசைகளுக்கு ‘லைன்’ என்று பெயர். பிற்காலத்தில் உறுதியான சுவர்கள் வந்தன. ஆழத்தில் பாறை வெடிக்கும்போது மேலேயுள்ள வீடுகளும் அதிர்ந்தன. அவ்வீடுகளிலேதான் பிள்ளைகள் பிறந்தனர்; அவர்தம் பிள்ளைகளும் பிறந்தனர்.

மொழிபெயர்ப்புப் பணியில் நாம் அடிக்கடி எதிர்கொள்ளும் இரு சொற்கள் குத்தகை, உரிமம் என்பன. இவற்றை ஒன்றெனக் கொள்வது பெரும்பிழை. குத்தகை பெற்றவருக்கு அந்த இடத்தின்மீதே ஓர் உரிமை பிறக்கிறது. உரிமம் பெற்றவருக்குக் கிடைப்பது இசைவு மட்டுமே. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, வேறு ஒப்பந்தமோ வேறு சட்டமோ இல்லாதவிடத்து, மாத வாடகைக்கு இருப்பவரை வெளியேற்ற 15 நாள் முன்னறிவிப்புத் தேவை. வேலையின் பொருட்டு முதலாளி கொடுத்த வீட்டிற்கோ, பெரும்பாலும் வேலை முடிந்ததும் இசைவும் முடிந்துவிடுகிறது. மாதந்தோறும் சிறு தொகையைக் கூலியிற் பிடித்தார்கள் என்பதனாலேயே அது குடிக்கூலி வீடாகிவிடாது. வேலை நீங்கியபின் கம்பெனி வீட்டைத் திருப்பித் தராமை, 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 630ஆவது பிரிவின்படி குற்றமாக இருந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் 452ஆவது பிரிவு அதனையே கூறுகிறது.

இதில் நியாயமே இல்லை என்று கூறிவிட இயலாது. சுரங்கத்திற்கு அருகே ஆள் இருக்கவேண்டும். ஒருவர் நீங்கினால் அடுத்து வருபவருக்கு இடம் வேண்டும். ஆனால், மறுபக்கத்தையும் நோக்குங்கள். வேலை போகும் நாளில் வருவாயும் கூரையும் ஒருங்கே போகின்றன. கணவனை இழந்த பெண்ணுக்குத் துயரம் ஆறுமுன்னே வீட்டைப் பற்றிய கவலை தொடங்குகிறது. வீட்டை நினைத்து வாய் திறவாமல் இருந்துவிடும் தொழிலாளியும் உண்டு.

தங்கவயலில் முதலாளிகள் மாறினர். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் மத்திய அரசு ஏற்றது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. ஆள்வோர் மாறியும் வீடு மாறாமையால், அது தமதே என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றியது இயல்பே. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது, பல தலைமுறைகளாகக் கேளாதிருந்த கேள்வி எழுந்தது: இவ்வீடு யாருடையது? குடும்பங்கள் பல அங்கேயே தங்கின. நாள்தோறும் புகைவண்டியேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் அதே லைனுக்குத் திரும்புவோர் பலர்.

இன்று கடல் கடந்து செல்வோர்க்கும் இப்பாடம் பொருந்தும். முதலாளி வீடு தருவதாகச் சொன்னால், வேலை முடிந்தபின் எத்தனை நாள் அங்கிருக்கலாம் என்பதை எழுத்தில் பெறுக. தனியே வாடகைக்கு எடுப்போர், வீட்டைக் கொடுப்பவர் உண்மையில் உரிமையாளரா, அன்றி அவரும் குடித்தனக்காரரா என்று தெளிக. முன்பணம் யாரிடம் இருக்கும் என்று கேட்க. ஜெர்மனியில் அது மூன்று மாத அடிப்படை வாடகையை மிஞ்சலாகாது. வீட்டுக்காரர் அதனைத் தம் சொந்தப் பணத்தோடு கலவாமல் வைக்கவேண்டும். இங்கிலாந்தில் பெரும்பாலான வாடகைகளில், அரசு ஏற்ற காப்புத் திட்டம் ஒன்றின்கீழ் 30 நாட்களுக்குள் அதனைக் கொண்டுவரவேண்டும். குடிபுகும் நாளிலேயே சுவர், கதவு, குழாய் ஆகியவற்றின் நிலையைக் குறித்து இருவரும் கையொப்பமிடுவது நலம். பற்றுச்சீட்டு இன்றிப் பணம் கொடுத்தலாகாது. படிக்கத் தெரியாத மொழியில் உள்ள ஒப்பந்தத்தைத் தெரிந்தவரைக் கொண்டு படித்தறியாமல் கையொப்பமிடுதலும் ஆகாது.

இக்கேள்விகளைக் கேட்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை. குடிபுகும் நாளில் கேட்பது எளிது. வெளியேறும் நாளில் கேட்டுப் பயனில்லை.