ரசீது காக்கும் உத்தரவாதம்

வங்கிக் கடனில் வாங்கிய காரைக் கண்ணெனக் காக்கிறோம். ஆயினும், இன்ஜின் ஆயிலை நாமே மாற்றினால் வாரண்டி பறிபோய்விடுமோ என அஞ்சுகிறோம்.

இதற்கு ஓரளவு விடை தந்தது, தில்லியிலுள்ள இந்தியப் போட்டி ஆணையம். உதிரிபாகங்கள் வெளிச்சந்தையில் கிடைக்காதவாறு தடுத்ததற்காக, 25.8.2014 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிப் பணிமனையை நாடிய ஒரே காரணத்திற்காக வாரண்டி முழுவதையும் நீக்கலாகாது. அங்கு நேர்ந்த தவறான வேலையால் விளைந்த சேதத்திற்கு மட்டுமே அதை மறுக்கலாம் என்றும் கூறியது. ஆணையை எதிர்த்துச் சில நிறுவனங்கள் வழக்காடின. மேலும், ஆணை பேசியது வெளிப் பணிமனைகளைப் பற்றியே. ஆகவே, நாமே வேலை செய்யும்போது சான்றுகளைச் சேர்த்து வைப்பதே அறிவுடைமை.

முதலில் வாரண்டிக் கையேட்டைப் படிப்போம். குறித்த காலத்து சர்வீஸைத் தவறவிடலாகாது. தில்லியின் தூசியில் விரைவில் அடைபடும் ஏர் ஃபில்டரைச் சரிபார்த்தல், டயரின் காற்றழுத்தம் பார்த்தல், வைப்பர் மாற்றுதல் ஆகியவை நாமே செய்யத்தக்கவை. ஆயில் மாற்றினால், கையேடு குறிப்பிடும் தரத்தையே வாங்கி, ரசீதுடன் தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் குறித்து வைப்போம். மின்கம்பிகளை வெட்டி இணைப்பதை அறவே தவிர்ப்போம்.

நியாயமின்றி வாரண்டி மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அழைக்கலாம்.

மாதத் தவணையோடு இன்ஜின் பழுதின் செலவும் சேர்ந்தால் குடும்ப வரவு செலவு தள்ளாடும். கோப்பில் உறங்கும் சில ரசீதுகள் அன்று நமக்காகப் பேசும்.