மாளிகையில் ஒரு ஹாஸ்டல்

மகளை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு வீட்டில் இருப்பே கொள்ளவில்லை. லைப்ரரியில் அகப்பட்ட ஒரு இங்கிலாந்து மாளிகையின் கதையைப் புத்தகம் புத்தகமாகத் தேடிப் படித்தேன்.

1939-ல் போர் மூண்டதும் பெரிய வீடுகளை அரசாங்கம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. சிப்பாய்கள் வந்தால் வீடு எதற்கு ஆகும்? பெண் குழந்தைகளே தேவலை என்று, டெர்பிஷயரில் உள்ள தன் சாட்ஸ்வொர்த் மாளிகையை வேல்ஸிலிருந்த பென்ரோஸ் பள்ளிக்கு விட்டார் டெவன்ஷயர் பிரபு. அந்தப் பள்ளியின் கட்டிடத்தையோ உணவு அமைச்சகம் எடுத்துக்கொண்டிருந்தது! சுமார் 300 மாணவிகள். ராஜா ராணி வந்தால் தங்குவதற்கென்று அலங்கரித்த அறைகளில் வரிசையாகக் கட்டில்கள். தூங்கும் குழந்தைகளின் மூச்சுக்காற்று ஈரம் பட்டு, சில ஓவியங்களின் பின்னால் பூஞ்சை பிடித்துவிட்டதாம். மழைக்காலத்தில் நம் பீரோவுக்குப் பின்னால் பிடிக்குமே, அதேதான்.

1946 வரை மாளிகை நிறையப் பிள்ளைகள். பிரபுவின் மூத்த மகன் மட்டும் திரும்பவில்லை. 1944-ல் பெல்ஜியத்துப் போர்முனையில் போய்விட்டான்.

புத்தகத்தை மூடிவிட்டுக் காலண்டரைப் பார்த்தேன். தீபாவளி லீவுக்கு இன்னும் 41 நாள்.