பக்கத்து வீட்டுப் பானைக்கும் தன் பெயரை எழுதிக் கொடுத்த பெண்!

மண்பானையின் அடியில் ஒரு கையெழுத்து. அது இருந்தால் நல்ல விலை. இல்லாவிட்டால் அடிமாட்டு விலை!

அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர் மரியா மார்ட்டினெஸ். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சான் இல்டிபோன்சோ என்ற பூர்வகுடி கிராமத்துக்காரர். 1887 வாக்கில் பிறந்தவர்.

அங்கே சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறு போல் உருட்டி, சுற்றிச் சுற்றி அடுக்கி, கையாலேயே பானை வனைய வேண்டும். பிறகு கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பு ஏற்ற வேண்டும்.

ஆனால் கடைப் பாத்திரங்கள் வந்து விட்டன. சமையலுக்குப் பானை கேட்பார் இல்லை. 1907-1909 ஆண்டுகளில் பக்கத்தில் அகழாய்வு நடந்தது. கணவர் ஜூலியன் அங்கே கூலி வேலைக்குப் போனார். தோண்டி எடுத்த ஓட்டுச் சில்லுகளைக் காட்டி, இது மாதிரி செய்ய முடியுமா என்று மரியாவைக் கேட்டார்கள்.

சாணத்தில் ரகசியம்

வறட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். நெருப்பு நன்றாகப் பிடித்ததும், பொடித்த குதிரைச் சாணத்தைக் கொட்டி மூடி விடுவார்கள். காற்று புகாது. புகை உள்ளேயே சுற்றும். சிவப்புப் பானை கன்னங்கரேல் என்று ஆகி விடும்!

1919 வாக்கில் இன்னொரு வித்தையும் கைகூடியது. தேய்த்த பானை மேல் ஜூலியன் மண் கரைசலால் சித்திரம் எழுதினார். சூளையை விட்டு வந்தபோது பானை கண்ணாடியாய் மின்னியது. சித்திரம் மட்டும் மங்கிய கறுப்பு. கறுப்பின் மேல் கறுப்பு!

வாங்க ஆள் மேல் ஆள். வேறு யாராவது என்றால் ரகசியத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டி இருப்பார்கள். மரியாவும் ஜூலியனும் ஊராருக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

போலியா, இல்லையா?

1920-களில் மரியா பானையில் பெயர் போடத் தொடங்கினார். வந்தவர்கள் பெயர் உள்ள பானையையே தேடினார்கள். நம்ம கடைக்காரர் என்றால் என்ன செய்வார்? 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்' என்று போர்டு மாட்டுவார்!

மரியாவோ, கேட்ட பெண்களின் பானைகளிலும் தன் பெயரையே எழுதிக் கொடுத்தார். அவர்கள் வீட்டிலும் காசு புழங்கியது. வாங்கியவர் பாடு? அதுதான் சிக்கல். விஷயம் வெளியே தெரிந்ததும், இப்படிச் செய்தால் பெயரின் மதிப்பே போய் விடும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகுதான் நிறுத்தினார்.

ஜூலியன் 1943-ல் இறந்தார். சித்திர வேலைக்கு மருமகள் வந்தார், பிறகு மகன். அந்த மகன் 1948-ல் ஊரிலேயே கடையும் திறந்தார்.

மரியா 1980-ல், 90 வயதைக் கடந்து காலமானார். பேரனும் பானை வனைந்தார். ஆனால் அடியில் எழுதியது தன் சொந்தப் பெயரைத்தான்.